அராமாக்கியின் முகம்

நல்ல படத்துக்குக் கழுத்து வெறுமையாக இருக்க வேண்டும். லூயிஷாமில் என் ஸ்டூடியோவுக்கு வருகிற மணப்பெண்களுக்கு மட்டும்தான் நகை. மற்றவர்களிடம் சால்வை, ஸ்கார்ஃப், வேலையிடத்து அடையாள அட்டை எல்லாவற்றையும் கழற்றச் சொல்லிவிடுவேன். இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. மொழிபெயர்க்கிற தம்பி, நீர் நான் சொல்வதை அப்படியே சொல்லும். மெருகு போடுவது என் தொழில், உம்முடையது இல்லை.

என் பெயர் கஸ்பர். மன்னாரில் பிறந்து, ஜெர்மனியில் கோப்பை கழுவி, இங்கே வந்து சேர்ந்தவன். குடும்பப் படங்களில் இல்லாதவர்களைச் சேர்ப்பதற்காகவே எங்கள் சனம் என்னிடம் வரும். விசா கிடைக்காத தகப்பனை மகளின் கலியாணப் படத்தில் கோட்டுப் போட்டு நிறுத்துவேன். இந்த வருடம், 2009 மே மாதத்துக்குப் பிறகு, வன்னியில் செத்தவர்களின் அடையாள அட்டைப் படங்களைத்தான் கொண்டுவந்தார்கள். நகத்தளவு முகங்கள். எல்லோருக்கும் உடம்பு கொடுத்துச் சொந்தங்களுக்கு நடுவில் நிற்க வைத்தேன். நான் சேர்க்கிறவன், ஐயா. யாரையும் வெட்டுகிறவன் இல்லை.

லூயிஷாம் சந்தையில் பழைய சாமான்களுக்குள் ஒரு வெள்ளைக்காரக் குழந்தையின் படம் கிடந்தது. கறுப்பு வெள்ளைப் படம். கன்னத்தில் மட்டும் தூரிகையால் லேசான சிவப்பு. பின்னால் தோகுஜி அராமாக்கி என்று முத்திரை. யார் இந்த மனுசன் என்று தேடத் தொடங்கினேன். யப்பானிலிருந்து கப்பலேறி வந்து, இதே தெருக்களில் ஸ்டூடியோ வைத்து, ஓவியமும் தீட்டியவர். யப்பானோடு சண்டை வந்ததும் எதிரி நாட்டவன் என்று பிடித்து முகாமில் அடைத்தார்கள், கமராவையும் பறித்தார்கள். திரும்பி வந்து கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்து, யாரும் அறியாமல் செத்தார். இவ்வளவும் கிடைத்தது. முகம் மட்டும் கிடைக்கவில்லை. ஊரையே படம் பிடித்தவனுக்குச் சொந்தமாக ஒரு படம் இல்லை.

அவருடைய மகள் ஐரிஸ் பக்கத்திலேயே இருக்கிறாள் என்று றூபினிதான் சொன்னாள். றூபினி எங்கள் தேவாலயப் பங்குப் பிள்ளை. வயது போனவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பராமரிக்கிற வேலை. அவள்தான் என்னைக் கூட்டிப்போனாள். ஐரிஸ் நல்ல மனுசி. பிஸ்கட் தந்தாள், கதை தந்தாள். அப்பாவின் படம் ஒன்று தலையணைக்குக் கீழே இருக்கிறது, அது தன்னோடு சவப்பெட்டிக்குள் போகும் என்றாள். காட்டவும் மாட்டாளாம். எனக்கோ ஒக்டோபரில் அராமாக்கியைப் பற்றிய கண்காட்சிக்கு மண்டபம் கிடைத்திருந்தது. முகம் இல்லாமல் எந்த முகத்தோடு நடத்துவது?

"மனிசி தரமாட்டன் எண்டால் விடுங்கோவன், அண்ணை. அது அவவின்ர அப்பா," என்றாள் றூபினி.

"அவர் எனக்கும் சொந்தம்தான்."

"ஆர் சொன்னது?"

சில விஷயங்களைச் சொல்லி விளங்கப்படுத்த ஏலாது.

ஒரு சனிக்கிழமை கண்காட்சிக்காக ஐரிஸைப் படம் பிடிக்கப் போனேன். கழுத்தில் சிவப்புப் பட்டன் தொங்கியது. விழுந்தால் அதை அமத்த வேண்டும், உதவிக்கு ஆள் வரும். படத்துக்கு அது வடிவில்லை என்றேன். அவளே சிரித்தபடி கழற்றித் தந்தாள், தலைமயிர் சரியா என்றும் கேட்டாள். பட்டனை என் பைக்குள் வைத்தேன். மறந்துவிட்டேன் என்று சொல்லச் சொல்கிறார் வக்கீல். நான் மறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை அங்கே யாரும் வருவதில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

ஞாயிறு பூசை முடிந்து, பட்டனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனேன். திருப்பிக் கொடுக்கத்தான் போனேன். கதவில் கடிதம் போடுகிற வாயைத் திறந்து பார்த்தேன். ஐரிஸ் நடையில் விழுந்து கிடந்தாள். வெளியே ஆள் நிற்பது தெரிந்து, கஸ்பரா என்று கேட்டாள். குரல் நன்றாகத்தான் இருந்தது. சத்தம் வராமல் அந்தத் தகட்டை மூடிவிட்டு நடந்தேன்.

தம்பி, ஏன் நிறுத்திவிட்டீர்? சொல்லும்.

திங்கள் காலை றூபினியோடு நானும் உள்ளே போனேன். ஐரிஸ் முடிந்திருந்தாள். றூபினி அழுதழுது அம்புலன்ஸுக்குப் பேசினாள், ஐரிஸின் வெறும் கழுத்தைக் கவனிக்கவில்லை. நான் தலையணையைத் தூக்கினேன். படத்தில் ஒரு மனுசன், மடியில் சின்ன ஐரிஸ். அவர் முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒரு வட்டம். வாழ்நாள் முழுக்க விரலால் தடவித் தடவி, மகளே அந்த முகத்தை அழித்திருந்தாள்.

நான் உடைந்துபோகவில்லை, ஐயா. முகம் கொடுப்பது என் வேலை. கன்னம் ஐரிஸின் கன்னம். நாடியும் அவளுடையது. கண்ணுக்கு மாதிரி கிடைக்கவில்லை, என்னுடையதைப் போட்டேன். கண்காட்சியில் சனம் அந்த முகத்தின் முன் நின்று கண் கலங்கியது. உங்கள் சட்டம் அராமாக்கிக்கு என்ன செய்தது? கமராவைப் பறித்தது. நான் ஒரு முகம் கொடுத்தேன்.

றூபினி மட்டும் ஐரிஸின் படத்துக்கு முன்னால் நின்றாள்.

"அண்ணை, கழுத்தில பட்டனைக் காணேல்லை. இது அவ செத்த கிழமை எடுத்த படமெல்லே?"

"வடிவில்லை எண்டு கழட்டினது."

"பிறகு கட்டிவிட்டனீங்களோ?"

நான் சுவரில் சரிந்திருந்த படத்தை நேராக்கினேன். அவள் வெளியே போய் உங்களுக்குப் போன் பண்ணினாள்.

கொன்றாயா என்று கேட்கிறீர்கள். ஓம், கொன்றேன், எழுதுங்கள். ஆனால் அவளை அநாதையாக அனுப்பவில்லை. செத்த வீட்டில் பெட்டியைச் சுற்றி நின்று படம் எடுப்பது எங்கள் வழக்கம், அதையும் செய்தேன். அந்தப் படம் உங்கள் மேசையில்தான் கிடக்கிறது, பாருங்கள். தலைமாட்டில் தகப்பன், கால்மாட்டில் நான். குடும்பம் முழுதாக இருக்கிறது. றூபினியும் பெட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதபடி நடுவில் நின்றாள். படத்திலிருந்து அவளை எடுத்துவிட்டேன். அவள் சொந்தக்காரி இல்லைத்தானே.