மீன் தொட்டிக்குப் பின்னால் ஒன்பது பேட்ஜ்

வாக்குமூலத்துக்கு முன் ஒரு சின்ன வேண்டுகோள், புனிதா மேடம். ஸ்ரீ கெம்பாங்கானில் என் ஆபீஸைப் பூட்டி சீல் வைத்துவிட்டீர்கள். உள்ளே ஒரு லோஹான் மீன் இருக்கிறது. காலையில் ஆறு உருண்டை தீனி, மாலையில் ஆறு உருண்டை. அதற்கு மேல் போட்டால் வயிறு ஊதிவிடும். யாரையாவது அனுப்பினால் அளவைச் சொல்லி அனுப்புங்கள்.

அளவு விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். என் வேலையே அதுதான்.

நம் மலேசியாவில் அணு மின் நிலையம் இல்லை, அதனால் கதிர்வீச்சும் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஃபெடரல் ஹைவேயில் அது உங்கள் காருக்குப் பக்கத்து லோரியிலேயே போய்க்கொண்டிருக்கும். எண்ணெய்க் குழாய்களில் வெல்டிங் சரியாக இருக்கிறதா என்று படம் எடுத்துப் பார்ப்பது எங்கள் கம்பெனியின் தொழில். அதற்கு மிளகு அளவில் ஒரு கதிரியக்கக் குண்டு. கனமான ஒரு பெட்டிக்குள் இருக்கும், கேமரா என்போம். கைப்பிடியைச் சுற்றினால் குண்டு ஒரு ரப்பர் குழாய் வழியாக வெளியே போகும், படம் எடுக்கும், திருப்பிச் சுற்றினால் உள்ளே வந்துவிடும். உள்ளே இருக்கும்வரை பரம சாது. வெளியே இருக்கும்போது பக்கத்தில் நிற்கக் கூடாது.

நான் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி. பதினோரு வருட சர்வீஸ். எங்கள் ஆட்கள் ஒன்பது பேருக்கும் ஆளுக்கொரு பேட்ஜ் உண்டு. தீப்பெட்டி அளவுதான். சட்டையில் மாட்டிக்கொண்டால் உடம்பு வாங்கிய கதிரைச் சத்தமில்லாமல் பதிந்துகொள்ளும். மாதக் கடைசியில் நான் எல்லாவற்றையும் சேகரித்து லேப்புக்கு அனுப்புவேன். வருட வரம்பைத் தாண்டியவரை வேலைத்தளத்துக்கு அனுப்பக் கூடாது என்பது அரசாங்க விதி.

முதல் வருடம் விதிப்படியே நடந்தேன். ஆகஸ்டில் ரெங்கசாமி வரம்பைத் தாண்டினார். நிறுத்தினேன். நாலு மாதம் ஸ்டோர் ரூமைக் கூட்டிக்கொண்டிருந்தார், ஓவர்டைம் கிடையாது. ஒருநாள் என் மேசைக்கு வந்தார்.

"உடம்பு என்னோடது, கமலண்ணே. உங்களுக்கு எங்க லா நோவுது?"

டிசம்பரில் வேலையை விட்டுவிட்டு செமினியில் லோரி ஓட்டப் போனார். தைப்பூசத்தில் எதிரே பார்த்தும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது எனக்கு ரொம்ப நாள் உறுத்தியது. நாலு பேர் சிரித்துப் பேச வேண்டும் என்று நினைக்கிறவன் நான்.

வழி சொன்னது எங்கள் ஆட்களில் ஒருவனான குருதான். விளையாட்டாகத்தான் சொன்னான்.

"பேட்ஜுதானே போட்டுக் கொடுக்குது? அது ஆபீஸ்ல ஏசி காத்து வாங்கட்டும்ண்ணே. நாங்க போய் வெயில் வாங்குறோம்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுநாள் காலை ஒன்பது பேட்ஜையும் வாங்கி மீன் தொட்டிக்குப் பின்னால் தொங்கவிட்டேன். தண்ணீர் கதிரை நன்றாகத் தடுக்கும், தேர்ந்தெடுத்த இடம்தான்.

முதல் மாதம் ஒன்பதுக்கும் பூஜ்யம் வந்தது. அது அழகாக இல்லை. தினமும் வெளி வேலைக்குப் போகிறவர்களுக்குப் பூஜ்யம் வந்தால் எந்த அதிகாரிக்கும் சந்தேகம் வரும். அதனால் மாதம் ஒரு சனிக்கிழமை மதியம், ஒரு கிளாஸ் தே தாரிக் டீயை வாங்கி வைத்துக்கொண்டு, ரேடியோவைப் போட்டுவிட்டு, பேட்ஜுகளை ஸ்டோரில் கேமராவை ஒட்டி வைப்பேன். குண்டு உள்ளே இருந்தாலும் பெட்டியை ஒட்டிக் கொஞ்சம் கதிர் கசியும், பேட்ஜுக்கு அது போதும். சீனியருக்கு இரண்டு மணி நேரம், புதியவருக்கு அரை மணி. லீவில் இருந்தவருக்கு எதுவும் இல்லை. புதிதாகக் கல்யாணமானவருக்குக் கொஞ்சம் குறைத்தே வைப்பேன். மனசுக்கு நிறைவான வேலை அது.

அதன்பிறகு யாரையும் நிறுத்த வேண்டி வரவில்லை. தீபாவளிக்கு ஒன்பது வீட்டுப் பலகாரமும் எனக்கு வரும். ஆய்வுக்கு வரும் அதிகாரிகள், "கமல், உங்க ஃபைல் எப்பவும் டிப் டாப் லா" என்பார்கள். ஃபைல் கேட்டார்கள், கொடுத்தேன். பேட்ஜ் யார் சட்டையில் இருக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை.

இனி கிள்ளான் விஷயம்.

மார்ச் மாதம், செவ்வாய்க்கிழமை. குருவும் அவன் கூட்டாளி ஆசிமும் கிள்ளானில் ஓர் எண்ணெய்த் தொட்டி வளாகத்துக்குப் போனார்கள். வியாழக்கிழமை எங்கள் உரிமத்தைப் புதுப்பிக்கும் ஆய்வு. குண்டு உள்ளே திரும்பியதா என்று காட்டும் மீட்டர்கள் மொத்தம் மூன்று. மூன்றையும் துடைத்து, சான்றிதழ் ஒட்டி, அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தேன். வேலைத்தளத்துக்குப் போனால் எண்ணெய்க் கறை படிந்துவிடும். குரு போன் செய்தான்.

"மீட்டர் இல்லாம எப்படிண்ணே?"

"எத்தனை சுத்து வெளிய போச்சோ அத்தனை சுத்து உள்ள சுத்து. உனக்குச் சொல்லித் தரணுமா?"

"சரி பாஸ். வியாழக்கிழமை மீட்டர் அழகிப் போட்டிக்குப் போகுதுன்னு நினைச்சுக்கிறேன்."

அப்படித்தான் பேசுவான். நல்ல பையன்.

குரு எண்ணிச் சரியாகத்தான் சுற்றியிருக்கிறான். ஆனால் கம்பியிலிருந்து குண்டு கழன்று, ரப்பர் குழாயிலேயே தங்கிவிட்டது. லோரியின் பின்பக்கம் சாமான் நிறைந்திருந்ததால் குழாயைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டான். ஆசிம் லோரியை ஓட்டினார். வழியெல்லாம் ஜாம். ஒரு மணி பத்து நிமிடம்.

ஐந்து மணிக்கு வந்து சேர்ந்தார்கள். பழக்கதோஷத்தில் ஒரு மீட்டரை எடுத்து நீட்டினேன். முள் கடைசிவரை போய் இடித்து நின்றது. இரண்டு பேரையும் தே குடிக்க அனுப்பிவிட்டு, நீளக் குறடால் குண்டை எடுத்துப் பெட்டிக்குள் வைத்தேன். நாலே நிமிடம். அதில் நான் கெட்டிக்காரன். திரும்பி வந்தவர்களிடம், "எல்லாம் ஓகே, வீட்டுக்குப் போங்க" என்றேன்.

இருபத்து நாலு மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. கொடுத்திருந்தால் வியாழக்கிழமை உரிமம் போயிருக்கும். அத்தனை குடும்பங்களையும் யோசித்துப் பாருங்கள்.

ஆய்வு நன்றாக நடந்தது. உரிமம் கிடைத்தது. வெள்ளிக்கிழமை குரு சிவந்து வீங்கிய உள்ளங்கையைக் காட்டினான். தொடையிலும் எரிச்சல் என்றான். செவ்வாய் ராத்திரியே வாந்தியாம். "கிள்ளான்ல சாப்பிட்ட மீன் தலைக் கறி சேரலைண்ணே." இருக்கும் என்றேன்.

இரண்டாவது வாரம் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். டாக்டர் எனக்குப் போன் செய்து, கதிர்வீச்சாக இருக்க வாய்ப்பு உண்டா என்று நேராகவே கேட்டார். இல்லவே இல்லை என்றேன். ஒரு வருட பேட்ஜ் ரிப்போர்ட்டை அன்றே அனுப்பினேன். சுத்தமான ரிப்போர்ட், அவரும் நம்பினார். தோல் அலர்ஜிக்கு மருந்து கொடுத்துக்கொண்டே வந்தார்கள். முப்பத்து ஒன்றாம் நாள் குரு இறந்தான்.

அவன் மனைவி வாணி, ஹெல்மெட்டையும் பையையும் வாங்கிப் போக டெங்கிலிலிருந்து வந்திருந்தாள். "வேலையால வந்ததில்லைன்னு நீங்க சொன்னீங்களே, அதுதாண்ணே ஒரு ஆறுதல்" என்றாள். என்னாலும் ஒருவருக்கு ஆறுதல் கிடைத்தது.

குருவின் பழைய ரத்தப் பரிசோதனையைப் பார்த்த வேறொரு டாக்டர்தான் உங்களிடம் வந்திருக்கிறார். விவரமான மனிதர். நான் மறுக்கவில்லை, மேடம். பேட்ஜைத் தொங்கவிட்டது நான். மீட்டரைப் பூட்டியது நான். குண்டை எடுத்து வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டதும், டாக்டரிடம் இல்லை என்று சொன்னதும் நான்தான். டைப் செய்து கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

ஆசிமா? ஆமாம், அதே லோரியில், குருவுக்குப் பக்கத்தில்தான் இருந்தார். அவரை யாரும் பரிசோதிக்கவில்லை. நானும் சொல்லவில்லை. அவர் மனைவி இஷ்ரத் இப்போது மாசமாக இருக்கிறாள். இந்த நேரத்தில் ஏன் பயமுறுத்த வேண்டும்? அதை மனதில் வைத்துத்தான் மார்ச் மாதம் எல்லாரையும்விட ஆசிமின் பேட்ஜுக்குக் குறைவாக வைத்தேன்.

இதையும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள், மேடம். ரெங்கசாமிக்குப் பிறகு, இத்தனை வருடத்தில் என் ஆட்களில் ஒருவர்கூட வரம்பைத் தாண்டியதில்லை.