பதினெட்டாவது வரி

இந்த நாற்காலியின் ஒரு கால் ஆடுகிறது. காகிதத்தை நாலாய் மடித்து அடியில் வைத்தால் சரியாகிவிடும். யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. குறை சொல்ல வரவில்லை. நீங்கள் மூன்று பேரும் எழுதிய விசாரணை அறிக்கையைப் படித்தேன். எட்டுப் பக்கம், நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முக்கியமான இடத்தில் கோட்டை விட்டுவிட்டீர்கள். அதைத் திருத்திவிட்டுப் போகலாம் என்று நானாகத்தான் வந்தேன். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

குழந்தைகள் வார்டுக்கு நான் பொறுப்பு நர்ஸ். இருபத்தாறு வருட சர்வீஸ். மூச்சு நின்ற குழந்தையைப் பிழைக்க வைக்க வேண்டியதெல்லாம் எங்கள் வார்டில் ஒரு சிவப்பு டிராலியில் இருக்கும். நாற்பத்தொரு பொருள். காலை ஷிஃப்டுக்கு வருகிறவர் ஒவ்வொன்றையும் கையால் தொட்டுப் பார்த்து, பட்டியலில் டிக் போட்டு, கீழே கையெழுத்துப் போட வேண்டும். பதினெட்டாவது வரி, பச்சைக் குழந்தைக்கான மாஸ்க். அதை முகத்தில் பொருத்தி, அதோடு சேர்ந்த பையை அமுக்கினால் காற்று நெஞ்சுக்குள் போகும். என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அந்த மாஸ்க். பெரிய குழந்தையின் மாஸ்க்கை வைத்தால் காற்றெல்லாம் கன்னத்தோரமாக வெளியே போய்விடும்.

காலை ஷிஃப்டு சிரிப்பக்காவுடையது. வார்டு அவளுக்கு வைத்த பெயர் அது. என்னைவிட இரண்டு வயதுதான் இளையவள். ஊசி போட்டுக்கொண்ட குழந்தைகூட அவளைப் பார்த்தால் அழுகையை நிறுத்திவிடும். வீட்டுக்குப் போகிற அம்மாக்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்குவார்கள். என்னிடம் டிஸ்சார்ஜ் சீட்டை வாங்கிக்கொண்டு போவார்கள். போன வருடம் சிறந்த நர்ஸ் என்று அவளுக்குத்தான் கேடயம் கொடுத்தார்கள். எனக்குப் பொறாமை என்று பேசிக்கொண்டார்களாம். விழாவில் முதலில் கைதட்டியது நான்தான், விசாரித்துப் பாருங்கள்.

அவளிடம் ஒரே ஒரு குறை. டிராலியைத் திறந்தே பார்க்காமல் மேலிருந்து கீழ்வரை கடகடவென்று டிக் போட்டுவிடுவாள். நாற்பத்தொரு டிக்குக்கு அரை நிமிடம். கேட்டால், எல்லாம் இருக்கும்க்கா, யாரு தூக்கிட்டுப் போகப் போறா என்று சிரிப்பாள். நாலு தடவை சொன்னேன், காதில் போட்டுக்கொள்ளவில்லை. மேலிடத்தில் சொன்னேன். அவள் தங்கமான பெண்ணாயிற்றே என்றார்கள்.

ஆகவே ஒரு திங்கட்கிழமை அந்த மாஸ்க்கை எடுத்து என் மேஜை டிராயரில் வைத்தேன். அதைத் திருட்டு என்று சொல்ல முடியாது. ஆஸ்பத்திரிப் பொருள் ஆஸ்பத்திரிக்குள்ளேயேதான் இருந்தது. ஒரே நாள் வைத்துப் பார்க்கலாம் என்றுதான் நினைத்தேன். செவ்வாய்க்கிழமை காலை பதினெட்டாவது வரியில் டிக் விழுந்தது. புதன்கிழமையும் விழுந்தது. முதலில் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்புறம், பொய் சொல்லக் கூடாது, சந்தோஷமாக இருந்தது. என்ன, முகம் பளிச்சென்று இருக்கிறதே என்று வீட்டில் கணவர்கூடக் கேட்டார். மூன்று நாலு டிக்கைக் காட்டினால் ஏதோ மறதி என்று விட்டுவிடுவார்கள். பத்து சேரட்டும் என்று இருந்தேன்.

பத்தாவது டிக் காலை எட்டு மணிக்கு விழுந்தது. பதினொரு மணிக்கு மேலிடத்தைப் பார்க்க நேரம் வாங்கியிருந்தேன். ஒன்பதரைக்கு அந்தக் குழந்தை வந்தது.

பிறந்து இருபத்திரண்டு நாள், பெண் குழந்தை. பால் புரையேறி மூச்சு நின்றுவிட்டது. அப்பா தூக்கிக்கொண்டு ஓடிவந்தார், பின்னால் அம்மா செருப்புகூடப் போடாமல் வந்தாள். டாக்டர் இரண்டு கட்டைவிரலால் நெஞ்சை அமுக்கிக்கொண்டே மாஸ்க் கேட்டார். சிரிப்பக்கா டிராலியைத் திறந்தாள். துழாவினாள். அவள் சிரிக்காமல் இருந்து அன்றைக்குத்தான் பார்த்தேன். பெரிய மாஸ்க்கை வைத்தார்கள், காற்று ஓரமாகப் போனது. டாக்டர் தொண்டை வழியாகக் குழாய் போடப் பார்த்தார். உள்ளேயிருந்து பால் வந்துகொண்டே இருந்தது, இரண்டு தடவையும் முடியவில்லை. பிரசவ வார்டிலிருந்து மாஸ்க் வாங்கிவர ஆளை ஓடவிட்டு, தன் வாயை வைத்தே ஊதினார்.

சிரிப்பக்கா என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா, சின்ன மாஸ்க்கைக் காணோம்."

நான் மேஜைக்கருகில் நின்றேன். டிராயர் என் இடுப்பில் இடித்துக்கொண்டிருந்தது. நான் எப்போதும் சத்தம் போடுகிற ஆள் இல்லை, அன்றும் மெதுவாகத்தான் கேட்டேன்.

"காலைல பார்த்துத்தானே டிக் போட்டே?"

"பார்த்தேன்க்கா. இருந்துச்சு."

என் முகத்துக்கு நேராக அப்படிச் சொன்னாள்.

பிரசவ வார்டு மாஸ்க் வந்து சேர ஆறு நிமிடம் ஆயிற்று. அதற்குப் பிறகும் அரை மணி நேரம் போராடினார்கள். அந்த அம்மா தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குத் தெரியாதா, நானும் பிள்ளை பெற்றவள்தான். எல்லாரும் அவளைச் சுற்றி நின்றபோது மாஸ்க்கை டிராலியின் இரண்டாவது தட்டில், குழாய்களுக்கு அடியில் வைத்தேன். நீங்கள் அங்கேதான் கண்டெடுத்தீர்கள். டிராலியில் எல்லாம் இருந்தது, நர்ஸ் பதற்றத்தில் கவனிக்கவில்லை என்று எழுதி அவளை வேலையை விட்டு நிறுத்திவிட்டீர்கள்.

அது அநியாயம். அவள் பதறுகிறவள் இல்லை. பதினைந்து வருடமாக எத்தனையோ குழந்தைகளை அந்தக் கையால் மீட்டவள். பத்து நாள் பார்க்காமல் டிக் போட்டாள் என்பதுதான் அவள் செய்த தப்பு. எட்டுப் பக்கத்தில் அதைப் பற்றி ஒரு வரி கிடையாது. அதை எழுதுங்கள். ஆதாரம் வேண்டுமென்றால் நானே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்.

டிராயரைத் திறக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று கேட்கிறீர்கள். இரண்டு நொடி. அந்த ஆறு நிமிடமும் நான் அவள் முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கவில்லை அக்கா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அந்த நொடியே எடுத்துக் கொடுத்திருப்பேன். ஒரு குழந்தையின் உயிருக்காகக்கூட உண்மையைச் சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.