அதே சுருதியில்

ஆகஸ்ட் 31, ஞாயிறு. இன்று ஒரு சிறு தவறு செய்தேன். வகுப்பில் கொடுத்த பயிற்சிக்காகக் கீபோர்டின் சுருதியைக் கொஞ்சம் ஏற்றி வைத்திருந்தேன். நிகழ்ச்சிக்கு எடுத்துப் போகும் முன் அதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர மறந்துவிட்டேன். காரணம் அவசரம். இனி மேடையில் கீபோர்டைத் திறந்ததும் முதலில் சுருதியைப் பார்க்க வேண்டும்.

மூன்று மாதத்துக்கு முன் நான் எழுதிய குறிப்பு இது. இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் பாதியில் நின்றுவிட்டது என்று இப்போது தோன்றுகிறது. இன்று டிசம்பர் 1, திங்கள். வகுப்பு முடிந்து வந்துவிட்டேன், வேறு வேலை இல்லை. அதனால் மீதியையும் எழுதிவிடப் பார்க்கிறேன். எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. எதை முன்னால் சொல்வது, எதைப் பின்னால் சொல்வது என்று ஒவ்வொரு முறையும் சந்தேகம் வரும்.

மாலை வகுப்பில் ஒலிப்பதிவு படிக்கிறேன். தினமும் செய்த தவறைத் தேதி போட்டு எழுதச் சொன்னவர் எங்கள் ஆசிரியர் மஞ்சுநாத் சார். "தப்பு யாரு வேணா பண்ணலாம் கணோ. அதையே மறுபடி பண்ணா ஃபீஸ் டபுள்" என்று கன்னடம் கலந்து சொல்வார். பழைய இசைத்தட்டுகள் சில வேகமாகச் சுழன்று சுருதி மேலே போயிருக்கும். அதற்கு இணையாக வாத்தியத்தை ஏற்றிப் பழகுவதுதான் அந்த வாரப் பயிற்சி.

'தேவநேச கானம்' என்ற குழுவில் நான் கீபோர்டு வாசிக்கிறேன். மறைந்த பின்னணிப் பாடகர் தேவநேசன் தமிழிலும் கன்னடத்திலும் பாடியவற்றை அப்படியே மேடையில் பாடுவது எங்கள் தொழில். கணேச சதுர்த்திப் பந்தல், கன்னட ராஜ்யோத்சவ மேடை, கோயில் திருவிழா, சில சமயம் கல்யாண வரவேற்பு. முன்பு பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் வேலையில் இருந்தேன். ஜூன் மாதம் அதை விட்டுவிட்டேன். அதன்பின் இந்தக் குழுதான் என் சாப்பாடு, வாடகை எல்லாம்.

குழுவின் பாடகர் அசோகன் அண்ணன். ஜோகுபாளையத்துக்காரர். ஐம்பது தாண்டியவர். மற்றக் குழுக்களில் பாடகருக்கு வயதாகும்போது பாட்டின் சுருதியை அரைக் கட்டை, ஒரு கட்டை இறக்கிக்கொள்வார்கள். கேட்பவர்களும் கண்டுகொள்ள மாட்டார்கள். அண்ணன் அதற்கு ஒப்பவே மாட்டார். நிகழ்ச்சி தொடங்கும்போது மைக்கில் அவரே சொல்வார்: "ரெக்கார்டுல கேட்ட அதே சுருதி. ஒரு நூல் இறங்காது." உடனே கைதட்டல் விழும். எங்கள் போஸ்டரிலும் 'அதே சுருதியில்' என்றுதான் போடுவோம். அதற்காகவே எங்களைத் தேடி வருகிறவர்கள் உண்டு.

மேடையில் எல்லோரும் என் கீபோர்டைக் கேட்டுத்தான் சுருதி சேர்த்துக்கொள்வார்கள். கிடார் வாசிக்கும் நாகேஷிடம் அதற்கென்று ஒரு கருவி இருக்கிறது. பேட்டரி போட அவனுக்குச் சோம்பல். "டியூனர் எதுக்கு குரு, நீ இருக்கியே" என்பான். தபலாக்காரரும் என்னைக் கேட்டுத்தான் தட்டிச் சேர்ப்பார். புல்லாங்குழல், வயலின் எல்லாம் கீபோர்டிலிருந்தே வருவதால் வேறு சாட்சி கிடையாது. சாட்சி என்ற சொல்லை இங்கே எழுதியது சரியா என்று தெரியவில்லை. இருக்கட்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பந்தலில் இரண்டாவது பாட்டிலேயே அண்ணனின் குரல் மேல் ஸ்தாயியில் உடைந்தது. இருமுவதுபோல் சமாளித்தார். நிகழ்ச்சி முடிந்து இறங்கி வந்ததும் ஃபிளாஸ்க்கைத் திறந்து வெந்நீர் குடித்தார்.

"தொண்டை இன்னிக்கு ஏன்டா இப்படிப் பண்ணுது?"

"வயசாயிடுச்சுண்ணா" என்றான் நாகேஷ். "அரைக் கட்டை இறக்குங்க. ஏனும் ஆகல்ல, ஒண்ணும் ஆயிடாது."

"இறக்கிப் பாடினா அது தேவநேசனுக்கு அஞ்சலி இல்லடா நாகேஷு. எனக்கு அஞ்சலி."

எல்லோரும் சிரித்தோம். பிறகு அண்ணன் என் பக்கம் திரும்பினார். "இளங்கோ, சுருதி சரியாத்தான இருந்துச்சு?"

"சரியா இருந்துச்சுண்ணா."

அப்போது எனக்கு உண்மையிலேயே தெரியாது. கீபோர்டை மூடும்போதுதான் பார்த்தேன், கால் கட்டை மேலே நின்றது. அண்ணன் நான்கடி தள்ளி நின்று விழாக்காரர்களிடம் பேசிக்கொண்டிருந்தார். போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால் திட்டியிருப்பார், அதோடு முடிந்திருக்கும். ஆனால் அவர் என்னிடம் கேட்டு, நான் பதில் சொல்லி, அவர் அதை நம்பியும் விட்டார். அவர் தன் தொண்டையைச் சந்தேகப்பட்டாரே தவிர என் கீபோர்டைச் சந்தேகப்படவில்லை. அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. இத்தனை பேர் சாப்பிடும் ஒரு குழு இப்படி ஒரே நம்பிக்கையில் நிற்கிறதே என்று நினைத்தேன்.

தொழிற்சாலையில் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் விஷயம், ஓர் இயந்திரம் முழுவதும் ஒரே தாங்கியில் நிற்கக் கூடாது என்பது. எங்கள் குழு ஒரே தொண்டையில் நின்றது. அண்ணனுக்குச் சளி பிடித்தால்கூட எங்கள் எல்லோர் வருமானமும் போய்விடும். இன்னொரு குரலைத் தயார் செய்யலாம் என்று வேலையை விட்ட புதிதில் டெம்போவில் வரும்போது அண்ணனிடம் சொல்லிப் பார்த்தேன். ஒரு பல்லவியைப் பாடியும் காட்டினேன். கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா அது உன் குரல்டா. ஜனம் வர்றது அவரு குரலுக்கு. நீ ஒழுங்கா வாசி" என்றார். அன்பாகத்தான் சொன்னார். பின்னால் உட்கார்ந்திருந்த நாகேஷ், "ஆடிஷன் முடிஞ்சுது, அடுத்த ஸ்டாப்ல இறங்கிக்கோ" என்று கத்தினான். எனக்கு வருத்தம் இல்லை. இருந்தாலும் அது வேறு விஷயம்.

அடுத்த நிகழ்ச்சியில் சுருதியைப் பார்த்தேன். பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தேன் அல்லவா, அதனால் பார்த்தேன். பிறகு ஏற்றி வைத்தேன்.

என் யோசனை இதுதான். பாடுவது கஷ்டமாகிவிட்டால் அண்ணனே இறக்கச் சொல்வார். அல்லது சில பாட்டுகளை என்னிடம் கொடுப்பார். யாராவது வாயால் சொன்னால் அவர் கேட்கமாட்டார், உடம்பு சொன்னால் கேட்பார். ஒரே ஒரு முறை அவர் "இறக்குடா" என்று சொல்லியிருந்தால் நான் அன்றே நிறுத்தியிருப்பேன். அவர் சொல்லவில்லை. அதனால் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். ஒரேயடியாக இல்லை. முந்தைய நிகழ்ச்சியோடு ஒப்பிட்டால் வித்தியாசம் காதுக்குத் தெரியாத அளவு. அளவில் சின்னச் சின்ன விலகல்களைக் கவனிப்பதுதானே என் பழைய வேலை.

தசராவுக்குள் அரைக் கட்டை ஏறியிருந்தது. நாகேஷின் கிடாரில் கம்பிகள் அடிக்கடி அறுந்தன. கம்பி விற்ற கடைக்காரனைத் திட்டினான். கடை மாற்றினான். அண்ணன் சிக்கன் விட்டார், தயிர் விட்டார், ஐஸ் தண்ணீர் விட்டார். காலையில் மிளகும் பனங்கற்கண்டும் போட்டுக் காய்ச்சிக் குடித்தார். பனங்கற்கண்டு ஒரு முறை நான்தான் வாங்கிக் கொடுத்தேன். வீட்டில் சாதகம் பண்ணும்போதும் என்னைக் கீபோர்டோடு வரச் சொன்னார். போனேன். அங்கேயும் அதே நிலையில்தான் வைத்தேன். மேடையில் ஒன்று, வீட்டில் ஒன்று என்றால் அவருக்குக் குழப்பமாகிவிடும்.

அப்படி ஒரு நாள் கிளம்பும்போது அவர் மனைவி வனஜா அண்ணி என் பின்னாலேயே படியிறங்கி வந்தார்.

"தம்பி, உன்கிட்டதான் கேக்க முடியும். எச்சில் துப்பினா ரத்தம் வருது. என்கிட்ட மறைக்கிறாரு. கீபோர்டுல ஏதோ பட்டன் இருக்காமே, நாகேஷ் சொன்னான். அவருக்குத் தெரியாம கொஞ்சம் இறக்கி வையேன்."

நான் யோசித்துத்தான் பதில் சொன்னேன். "அது அவருக்குப் பண்ற துரோகம் அண்ணி. அண்ணன் என்னை நம்புறாரு. அவருக்குத் தெரியாம சுருதியில கை வைக்கிறது தப்பு."

அண்ணி மேலே வாசல் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். பிறகு, "நீ சொல்றதும் சரிதான். நான் கேட்டேன்னு சொல்லிடாதப்பா" என்றார்.

நான் சொல்லவில்லை. அன்று அவருக்குச் சொன்ன கருத்தும் எனக்கு இன்றும் மாறவில்லை.

நவம்பர் எங்களுக்கு முக்கியமான மாதம். மாநிலம் உருவான நாளான ராஜ்யோத்சவம் என்று தெருவுக்குத் தெரு மேடை போடுவார்கள். இரண்டு வாரம் ஓய்வெடுக்கலாமா என்று அண்ணன் என்னிடம் கேட்டார். மற்றவர்களிடம் கேட்கவில்லை, என்னிடம் கேட்டார். "இப்ப விட்டா வேற குழுவை வெச்சுக்குவாங்கண்ணா. குரல் நல்லாத்தான் இருக்கு. உங்களுக்குத்தான் அப்படித் தோணுது" என்றேன். அதற்குப் பிறகு ஒரு மேடையில், பாட்டின் நடுவே, அவர் வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. கூட்டம் மைக் போய்விட்டது என்று நினைத்தது. பின்னாலிருந்து ஒருவர், அதைச் சரிசெய்யச் சொல்லி, "மைக் சரி மாடி" என்று கத்தினார். நான் என் மைக்கை இழுத்து, விட்ட இடத்திலிருந்து பாடினேன். சொற்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம்.

ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன். தொண்டைக்குள் கேமரா விட்டுப் பார்த்தார்கள். குரல் நாணில் ரத்தம் கட்டியிருந்தது. ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று டாக்டர் அம்மா உத்தரவு போட்டுவிட்டார். பிறகு கேட்டார்:

"சமீபத்துல ஏதாவது மாத்தினீங்களா? புதுப் பாட்டு, இன்னும் மேல் சுருதி, அந்த மாதிரி?"

அண்ணன் இல்லை என்று தலையாட்டினார். ஆட்டிவிட்டு என்னைப் பார்த்தார், நீ சொல் என்பதுபோல.

"இல்ல மேடம். எப்பவும் பாடற அதே சுருதிதான்."

அவர் பேனாவை வைத்துவிட்டு அண்ணனிடம் பேசினார். "வழக்கத்தைவிட மேல பாடி இப்படி ஆகியிருந்தா நான் கவலைப்பட மாட்டேன். ஆறினதும் கீழ வந்து பாடுங்கன்னு சொல்லுவேன், பழையபடி பாடலாம். எப்பவும் பாடற சுருதியே தாங்கலன்னா வயசாயிடுச்சுன்னு அர்த்தம். மறுபடி பாடினா மறுபடி கிழியும். அப்புறம் பேச்சும் போயிடும். செவ்வாய்க்கிழமை வாங்க, பார்த்துட்டு முடிவா சொல்றேன்."

வெளியே வந்து ஆட்டோவுக்காக நிற்கும்போது அண்ணன் தன் போனில் எழுதிக் காட்டினார்: 'கடைசி ஷோல ரொம்ப மோசமா பாடினேனா? நிஜமா சொல்லு.' இல்லைண்ணா என்றேன். அவர் அதை அழித்துவிட்டு மறுபடி எழுதினார்: 'நீ இருக்கறதால குழுவைப் பத்திக் கவலை இல்ல. ஞாயித்துக்கிழமை நீ பாடு.'

நேற்று ஒக்கலிபுரத்தில் பாடினேன். வாசிப்பதற்கு வேறு ஒருவரை ஏற்பாடு செய்து, கீபோர்டை மட்டும் நானே தயார் செய்து கொடுத்தேன். சுருதியை ஏற்றிய அளவுக்கு இறக்கி, அதற்கும் கீழே ஒரு கட்டை வைத்தேன். தேவநேசனின் உண்மையான சுருதி என் தொண்டைக்கு நல்லதல்ல, இனி குழு என் தொண்டையில் நிற்பதால் அதைப் பாதுகாப்பது என் பொறுப்பு. நாகேஷ் கம்பியைத் தளர்த்தும்போது ஒரு முறை என்னைப் பார்த்தான். அவனிடம், ஏதாவது தெரிகிறதா என்று கேட்டேன். "இல்ல குரு, இந்தக் கடைக் கம்பி நல்லாருக்கு" என்றான். மைக்கில் அதே சுருதி என்று சொன்னேன். கைதட்டினார்கள். முன்வரிசையில் வனஜா அண்ணி பக்கத்தில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். அவரும் தட்டினார். மேல் ஸ்தாயி வரும் இடத்தில் நான் சிரமமில்லாமல் ஏறியதைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். முடியும்வரை நிமிரவில்லை.

அவர் குரலை நான்தான் கெடுத்தேன் என்று யாராவது சொன்னால் என்னால் மறுக்க முடியாது. தெரிந்து செய்தேன், மூன்று மாதம் செய்தேன். ஆனால் நான் ஒரு நாளும் அவரைப் பாடச் சொல்லிக் கட்டாயப்படுத்தவில்லை என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். ஓய்வு எடுக்க வேண்டாம் என்றுதான் சொன்னேன். இரண்டும் ஒன்றா என்று எழுதிவிட்டு யோசித்தேன். ஒன்றல்ல என்றுதான் படுகிறது.

நேற்றைய தவறு என்று பார்த்தால், இரண்டாவது சரணத்தில் மூச்சு எடுக்கும் இடம் தவறிவிட்டது. பயிற்சி போதாது.

நாளை காலை அண்ணனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக வேண்டும். அண்ணிக்கு லீவு கிடைக்கவில்லை. அண்ணன் இன்னும் பேசக்கூடாது, அதனால் டாக்டர் கேட்பதற்கெல்லாம் நான்தான் பதில் சொல்ல வேண்டும்.