கையாலை அமத்திற கிளச்

வவுனியாவிலிருந்து மன்னார் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் ஒரு பெண் காரின் பின்விளக்கு ஒன்றை மடியில் வைத்திருந்தாள். பக்கத்தில் இருந்த பெரியவரிடம் அவள் சொன்ன ஒரு வார்த்தையில் என் தூக்கம் கலைந்தது.

"கோழியளைக் கலைச்சுப்போட்டுத்தான் ஐயா எஞ்சினைத் திறந்தனாங்கள்."

"எந்தக் கார் பிள்ளை?"

"மாமாவின்ரை பழைய ஸ்ரேசன் வாகன். இடம்பெயர்ந்து திரும்பி வர, அதுக்குள்ளை கோழி அடை கிடந்தது. எல்லாம் பழைய சாமான் வாங்கித்தான் திருத்தினனாங்கள். சீற்று, உடைச்ச வான் ஒண்டிலை கழட்டினது. நிறம், வள்ளத்துக்கு அடிச்சு மிஞ்சின நீலம்."

"ஆர் ஓடுறது?"

"என்ரை மனிசன்தான். அவருக்கு இடது கால் சண்டைக்குள்ளை போயிட்டுது. முருங்கனிலை ஒரு மெக்கானிக் மோட்டசைக்கிள் பிடி ஒண்டைப் பூட்டி, கிளச்சைக் கையாலை அமத்திற மாதிரிச் செய்து தந்தவர்."

பெரியவர் விளக்கைத் தொட்டுப் பார்த்தார். "ஓடுதோ?"

"ஓம். ஞாயிறு பூசைக்கு என்னை ஏத்திக்கொண்டு போனவர். பூசை முடிஞ்சு வந்து ஏறினாப் பிறகு காரை எடுக்கேல்லை. நோகுதாக்கும் எண்டு பயந்துபோனன்."

"பிறகு?"

"'எங்கை போவம்?' எண்டு கேட்டார். மூண்டு வருசமா நான்தான் அவரைக் கேக்கிறனான், ஒருக்கா வெளியாலை போவமோ எண்டு. படலை தாண்டாத மனிசன் ஐயா."

"எங்கை போனனீங்கள்?"

"கட்டுக்கரைக் குளத்துக்கு. குளம் நிரம்பிக் கிடந்தது. காருக்குள்ளையே இருந்து பாத்தனாங்கள். திரும்பேக்கை, கிட்டடி றோட்டை விட்டிட்டு, சுத்துப் பாதையாலைதான் என்னைக் கூட்டிக்கொண்டு வந்தவர்."