பக்கம் சாயாத கட்டை

— பிள்ளை, இது விளையாட்டுச் சாமான் கடை. உப்புக் கரைக்கிறதெண்டால் வீட்டிலை வைச்சுக் கரையும். முதலிலை அந்தக் கிளாசை என்ரை மேசையிலையிருந்து எடும்.

— பொறுங்கோ அண்ணை. இந்தச் சிவப்புத் தாயக்கட்டை மட்டும். மிதக்குதோ எண்டு பாத்திட்டு எடுக்கிறன்.

— தாயக்கட்டை ஏன் மிதக்க வேணும்? நீர் அதிலை ஏறி நெடுந்தீவுக்குப் போகப்போறீரோ?

— மிதந்தால்தான் அண்ணை அது பக்கம் சாயுதோ எண்டு தெரியும். இஞ்சை வந்து பாருங்கோ. விரலாலை சுண்டி விடுறன். சுத்திப்போட்டு ஆறுதான் மேலை வருது. இன்னொருக்காச் சுண்டுறன். பாருங்கோ, பேந்தும் ஆறு. உள்ளுக்கை காத்துக் குமிழி கிடக்கு, ஆறுக்குக் கிட்ட. அந்தப் பக்கம் இலேசு, மற்றப் பக்கம் பாரம். இது கள்ளக் கட்டை.

— கள்ளக் கட்டையோ! மெல்லக் கதையும் பிள்ளை. பக்கத்துக் கடைக்காரனுக்குக் கேட்டால், தில்லைநாதன் கள்ளச் சாமான் விக்கிறான் எண்டு பஸ் ஸ்ராண்ட் முழுக்கக் கதை போயிடும்.

— ஐயோ, உங்களைச் சொல்லேல்லை. வார்க்கேக்கை வந்த பிழை. அடுத்த பக்கெற்றையும் உடைக்கட்டே?

— ஏன் கேக்கிறீர்? இவ்வளவு நேரமும் கேட்டோ உடைச்சனீர்? இந்த ஈரக் கட்டையளை இனி ஆர் வாங்கிறது? நீர் கடை திறக்கேக்கை வந்தனீர். இப்ப கோயில்லை மத்தியானப் பூசை மணியும் கேட்டுட்டுது. நான் இன்னும் ஒரு தேத்தண்ணி குடிக்கேல்லை. சிவ சிவா, என்ன ஆய்க்கினை இது.

— உடைச்சது எல்லாத்தையும் நானே வாங்கிறன் அண்ணை. கோவிக்காதையுங்கோ.

— கோவிக்கேல்லை. விசர் வருது. லூடோ விளையாடத்தானே? ஆறு அடிக்கடி விழுந்தால் நல்லதுதானே? காய் கெதியா வெளிக்கிடும்.

— லூடோ இல்லை. கோப்பாயிலை எங்கடை வீட்டிலை ஞாயிறு பின்னேரங்களிலை கொஞ்சப் பேர் கூடிக் கதை விளையாட்டு விளையாடுறனாங்கள். என்ரை தம்பிதான் கதை சொல்லுறவன். மற்றாக்களுக்கு ஆளுக்கொரு வேசம். ஒராள் வாளோடை, ஒராள் மந்திரத்தோடை. பூதம் வந்தால் வெட்டுறதோ ஓடுறதோ எண்டு நாங்கள் சொல்லுவம். வெட்டு விழுந்துதோ இல்லையோ எண்டு கட்டை சொல்லும்.

— தாலிக்கொடி தெரியுது. கலியாணம் கட்டின பிள்ளை போலை.

— ஓம். ஒரு மகளும் இருக்கிறா. இன்னும் நேசரிக்கும் போகேல்லை. நான் பள்ளிக்கூடத்திலை கணக்குப் படிப்பிக்கிறன். பேர் கோபிகா.

— கணக்கு ரீச்சர்! பூதம் வெட்டுற கணக்கு ரீச்சர்! அந்தப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையளை நினைக்கத்தான் எனக்குக் கவலையாக் கிடக்கு.

— நல்லாச் சிரியுங்கோ. அந்த அலுமாரிக்குள்ளை மேல்தட்டிலை கிடக்கிறது என்ன? உள்ளுக்கை தெரியிற கட்டை, தண்ணி நிறம்.

— அது விலை கூடினது. கொழும்பிலையிருந்து வந்து சும்மா கிடக்கு. ஒருதரும் கேக்கிறேல்லை.

— அதைத்தான் அண்ணை நான் தேடித் திரியிறன்! எடுங்கோ, எடுங்கோ. உள்ளுக்கை குமிழி இருந்தால் வெளிச்சத்துக்குப் பிடிக்கத் தெரிஞ்சிடும். பாருங்கோ, விளிம்பும் நல்ல கூர். மூலையை உருட்டி விட்ட கட்டையெண்டால் ஒரு மூலை கூடத் தேஞ்சிருக்கும், ஒண்டு குறையத் தேஞ்சிருக்கும். புள்ளியும் பள்ளமாக் கிடக்கேல்லை, மை நிரப்பி மட்டமாக்கியிருக்கு. பொறுங்கோ, வேர்ணியரை எடுத்துப் பக்கங்களை அளக்கிறன்.

— உந்தப் பைக்குள்ளை வேர்ணியருமோ? தராசு கொண்டு வரேல்லையோ?

— தராசை மறந்திட்டன்.

— பகிடிக்குக் கேட்டனான் பிள்ளை!

— நான் பகிடி விடேல்லை அண்ணை. எனக்கும் விசர்தான் வருது. முதல் சண்டிலிப்பாயிலை ஒரு கடையிலை வாங்கிக் கொண்டு போனன். புள்ளி தோண்டினது ஆழமாம், ஆறுப் பக்கம் இலேசாம், வேண்டாமாம். பேந்து கொழும்பிலை இருக்கிற சிநேகிதியிட்டைச் சொல்லி எடுப்பிச்சன். அது ஒரு பக்கம் நீட்டாம். பிறகொண்டு மூலை உடைஞ்சதாம். ரெண்டு மாசமா நான் பள்ளிக்கூடம் விட்டு நேரை வீட்டை போனதில்லை. கடை கடையா ஏறி இறங்கிறன். இண்டைக்கு லீவும் போட்டிட்டு வந்து நிக்கிறன்.

— ஆர் உவ்வளவு பிழை சொல்லுறது?

— தம்பிதான். சுபாங்கன். கட்டை சரியா இருந்தால்தான் உருட்டுவன் எண்டு ஒரே பிடி. உப்புத் தண்ணியிலை பார், வேர்ணியராலை அள, வெளிச்சத்துக்குப் பிடி எண்டு எல்லாம் அவன் சொல்லித் தந்ததுதான்.

— ஒரு பூதத்தை வெட்ட இவ்வளவு பாடோ?

— இது பூதத்துக்கு இல்லை அண்ணை.

— பின்னை?

— அம்மாவுக்கு.

— அம்மாவும் உந்தக் கூத்திலை சேத்தியோ?

— அம்மாவுக்கு ரெண்டு கிட்னியும் போட்டுது. கிழமைக்குக் கிழமை ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போய் ரத்தம் சுத்தம் பண்ணிக்கொண்டு வாறம். இனி மாத்தத்தான் வேணும் எண்டிட்டினம். எனக்கும் பொருந்துது, தம்பிக்கும் பொருந்துது. ஆர் குடுக்கிறது எண்டு உங்களுக்குள்ளை கதைச்சு ஒராளைச் சொல்லுங்கோ, மிச்சச் சோதினையளை அந்த ஆளுக்குச் செய்வம் எண்டார் டொக்டர். கதைச்சம். சண்டை பிடிச்சம். சரிவரேல்லை. கடைசியிலை கட்டை உருட்டுவம் எண்டு தம்பி சொன்னான்.

— கிளாசை எடும்.

— என்ன அண்ணை?

— கிளாசையும் எடும், வேர்ணியரையும் எடும், வெளிக்கிடும் கடையை விட்டு. பெத்த தாய்க்கு ஒரு கிட்னி குடுக்க, அக்காவும் தம்பியும் தாயக்கட்டை உருட்டித் தப்பப் பாக்கிறியளோ? அதுக்கு என்ரை கடையிலைதான் கட்டை வேணுமோ? நான் விக்க மாட்டன். எனக்கு உந்த யாவாரம் வேண்டாம்.

— அண்ணை, பொறுங்கோ—

— ஒண்டும் பொறுக்கேலாது! என்ரை ரெண்டு பெடியளும் என்ரை மோட்டச்சைக்கிள் ஆருக்கு எண்டு இப்பவே சண்டை. நான் இன்னும் அதிலைதான் ஓடித் திரியிறன். அதுகள்தான் மோசம் எண்டு நினைச்சுக்கொண்டிருந்தன். நீங்கள் அதுகளுக்கு மேலை!

— தப்பிறதுக்கு இல்லை அண்ணை. கூடின எண் விழுந்த ஆள்தான் குடுக்கிறது.

— என்ன சொன்னீர்?

— வெல்லுற ஆள் குடுக்கிறது. எனக்கு வெல்ல வேணும். அவனுக்கும் வெல்ல வேணும். அதுதான் கட்டை சரியா இருக்க வேணும் எண்டு நிக்கிறம்.

— இந்தக் கதிரையிலை இரும் பிள்ளை.

— பரவாயில்லை, நிக்கிறன்.

— இரும் எண்டுறன். காலமை தொடக்கம் நிக்கிறீர். உம்மடை அவர் என்ன சொல்லுறார்?

— முதலிலை பயந்தார். பிறகு, உம்மடை அம்மா, நீர்தான் முடிவெடுக்க வேணும் எண்டிட்டார். தம்பிதான் விடுறானில்லை. உனக்குச் சின்னப் பிள்ளை இருக்கு, உனக்கு ஒண்டு நடந்தால் அவளுக்கு ஆர் எண்டு கேக்கிறான். அவன் தோட்டக்காரன் அண்ணை. வெங்காயம், புகையிலை. உரமூட்டை தூக்கிற உடம்பு. நான் கதிரையிலை இருந்து கொப்பி திருத்திறவள். ஆற்றை உடம்பு வீட்டுக்குக் கூடுதலாத் தேவை எண்டு நீங்களே சொல்லுங்கோ. ஆவணியிலை அவனுக்குக் கலியாணமும். நிவேதனா எண்டு நல்ல பிள்ளை. மாப்பிளையை வயித்திலை வெட்டுக் காயத்தோடையோ மணவறையிலை இருத்திறது?

— அவன் சொல்லுறதும் ஞாயமாத்தான் கிடக்கு.

— நீங்களுமோ!

— நீர் சொல்லுறதும் ஞாயம்தான். அதுதான் கரைச்சல். எங்கை, அந்தக் கிளாசைத் தாரும். உந்தத் தண்ணி கலங்கிப் போச்சு, நான் புதுத் தண்ணி வாத்துக்கொண்டு வாறன். இந்தாரும், உப்பு இன்னும் போடும். காணாது போலை கிடக்கு.

— இனிக் காணும் அண்ணை. இந்தத் தண்ணி நிறக் கட்டையைப் போடுறன். ஆ, மிதக்குது! சுண்டுறன். நாலு. இப்ப ஒண்டு. இப்ப அஞ்சு. பிறகும் ஒண்டு. இப்ப மூண்டு. ஒரு பக்கத்துக்கும் சாயேல்லை! அளந்தனான், எல்லாப் பக்கமும் ஒரே அளவு. அண்ணை, இதுதான்! தம்பியை வரச்சொல்லித் தகவல் போட்டனான். உங்கை மோட்டச்சைக்கிள் சத்தம் கேக்குது, அவன்தான்.

— அக்கா, இன்னும் வீட்டை போகேல்லையோ? பிள்ளை உன்னைக் கேட்டு அழுறாளாம்.

— வந்திட்டியோ சுபாங்கன்? இந்தா பிடி. வெளிச்சத்துக்குப் பார். அள. தண்ணியிலை போடு. என்னெண்டாலும் செய்.

— பாக்கிறன், பாக்கிறன். ம்ம். விளிம்பு நல்லாத்தான் கிடக்கு. ஆனா அக்கா, இந்த ரெண்டுப் புள்ளி கொஞ்சம் தள்ளிக் கிடக்கிற மாதிரி இல்லையோ?

— தள்ளிக் கிடந்தால் என்ன? அது மைதானே!

— மைக்கும் ஒரு பாரம் இருக்கெல்லே. வாற வெள்ளிக்கிழமை வீட்டிலை வைச்சு ஆறுதலாப் பாத்து உருட்டுவம். இப்ப வா, போவம்.

— போன கிழமையும் இதைத்தானே சொன்னனி! அதுக்கு முதல் கிழமையும் இதைத்தானே சொன்னனி!

— அக்கா, கடையிலை நிண்டு கத்தாதை. அண்ணை, குறை நினைக்காதையுங்கோ.

— குறையோ? தம்பி, நான் ஒண்டு சொல்லட்டே? உம்மடை அக்கா என்ரை கடையிலை ஒரு பக்கெற் மிச்சம் விடாமல் உடைச்சுப் போட்டா. மேசை முழுக்க உப்பு. காசு போடுற லாச்சிக்குள்ளையும் உப்பு. இந்தக் கட்டையை நானும் என்ரை கண்ணாலை பாத்தனான். அது நல்ல கட்டை. இனி ரெண்டுப் புள்ளி தள்ளிக் கிடக்கு, மை பாரம் எண்டு கதைச்சீரோ, நான் உம்மைத்தான் தூக்கி உப்புத் தண்ணிக்குள்ளை போடுவன்.

— இல்லை அண்ணை, நான் சொல்லுறது என்னெண்டால்—

— ஒண்டும் சொல்ல வேண்டாம். மேசையைத் துடைச்சிட்டன். இந்தப் போத்தில் மூடிக்குள்ளை போட்டுக் குலுக்கி உருட்டுங்கோ. நான் சாட்சி. ஆர் முதல்?

— அவன் உருட்டட்டும் அண்ணை.

— அக்கா, உனக்கு விளங்குதில்லை. இப்ப வேண்டாம்.

— ஏன் வேண்டாம்? தோத்துப்போவன் எண்டு பயமோ?

— பயமில்லை.

— அப்ப உருட்டு. உருட்டடா! ரெண்டு மாசம் என்னை நாய் மாதிரி அலைக்கழிச்சனி. எத்தினை நாள் மகள் என்ரை கையாலை சாப்பிடாமல் நித்திரையாப் போனவள் தெரியுமோ? அம்மா ஒவ்வொரு தரமும் வாட்டிலை இருந்து வரேக்கை எப்பிடி இளைச்சுப் போய் வாறா எண்டு நீ பாக்கிறேல்லையோ? இண்டைக்கு உருட்டாமல் நான் இந்தக் கடையை விட்டு இறங்கமாட்டன்.

— சரி அக்கா. அழாதை. மூடியைத் தா. இந்தா.

— நாலு. தம்பிக்கு நாலு. பிள்ளை, இப்ப நீர்.

— கதிர்காமக் கந்தா... ஐயோ! நாலு!

— சிவ சிவா! ரெண்டு பேருக்கும் நாலு. கட்டை உவ்வளவு நீதியா இருக்கவும் கூடாது போலை. இன்னொருக்கா உருட்டுங்கோ.

— அக்கா, கட்டையே சொல்லுது, இண்டைக்கு விடுங்கோ எண்டு.

— கட்டை ஒண்டும் சொல்லேல்லை, நீதான் சொல்லுறாய். உருட்டு!

— உருட்டிறன். இந்தா.

— ரெண்டு! அண்ணை, அவனுக்கு ரெண்டு!

— ரெண்டுதான் பிள்ளை. வடிவாக் குலுக்கும். அவசரப்படாதையும்.

— குலுக்கிறன் அண்ணை. போடுறன். அஞ்சு! அஞ்சு தானே? நீங்களும் பாத்தனீங்கள் தானே?

— அஞ்சுதான். நீர் வெண்டிட்டீர் பிள்ளை. நீர் வெண்டிட்டீர்.

— ரெண்டு மாசத்துக்குப் பிறகு இப்பதான் எனக்கு மூச்சு வருது. சுபாங்கன், முகத்தைத் தொங்கப் போடாதை. சின்னனிலையும் நீ தோத்தால் உப்பிடித்தான் நிப்பாய். இனிக் கட்டை சரியில்லை, மேசை சரியில்லை எண்டு ஒரு கதையும் கதைக்கக்கூடாது.

— கதைக்கேல்லை அக்கா. கட்டை சரியானதுதான். நீ வெண்டதும் சரிதான்.

— நாளைக்கும் லீவு போட்டிட்டு டொக்டரிட்டைப் போறன். மிச்சச் சோதினையளை எனக்கு எழுதித் தரச் சொல்லிக் கேக்கப் போறன்.

— போகாதை அக்கா. நீ கட்டை தேடித் திரிஞ்ச ரெண்டு மாசத்திலை அந்தச் சோதினை எல்லாத்தையும் நான் செய்து முடிச்சிட்டன். வாற வியாழக்கிழமை அம்மாவோடை என்னைத்தான் ஒப்பரேசனுக்கு உள்ளை எடுக்கினம்.