பதிமூணு நிமிஷப் பேச்சு

— சாஞ்சு உக்காரு, மோனிக். நல்லா சாஞ்சுக்கோ. அடியில மெத்துன்னு இருக்கா? மெத்தை! நம்ம பனிச்சறுக்கு மலையில, வடத்துல தொங்கி மேல போற லிஃப்ட் சேருக்கு மெத்தை வரும்னு யாராச்சும் நெனச்சிருப்பாங்களா?

— இருக்கு, இருக்கு. ஜெரார்ட், நான் சொல்ல வந்தது...

— முதல்ல முன்னாடி இருக்குற தடுப்புக் கம்பிய எறக்கு. ஆங், அப்படி. பழைய சேர் ஞாபகம் இருக்கா? ஏறும்போது முழங்காலுக்குப் பின்னாடி பளார்னு ஒண்ணு வைக்கும். உங்க அக்கா லூசில் ஒரு வருஷம் அந்தத் தழும்போடதான் கிறிஸ்துமஸ் போட்டோவுக்கு நின்னா. இது பாரு, பூனை குட்டியத் தூக்குற மாதிரி தூக்கிட்டுப் போவுது.

— உன் லிஃப்ட் புராணத்தக் கொஞ்சம் நிறுத்துறியா? செவ்வாய்க்கிழமையிலருந்து உன்கிட்ட ஒரு விஷயம் பேசணும்னு பின்னாடியே அலையறேன். அடுப்படியில புடிச்சா கராஜுக்கு ஓடுற. கராஜுக்கு வந்தா மலையில வேலைன்னு ஓடுற. அதான் இன்னிக்கு இதுல ஏத்தினேன். இதுலருந்து எங்க ஓடுவ? குதிப்பியா?

— ஓ. சேர் பேச்சா?

— ஆமா. சேர் பேச்சுதான்.

— மோனிக், இன்னிக்கு சீசனோட முதல் நாளு. பேப்பர்க்காரம்மா கீழ கேமராவோட நிக்கறாங்க. புது முதலாளி பாஸ்டன்லருந்து புத்தம்புது பூட்ஸ் போட்டுட்டு வந்திருக்கார். இந்த நேரம் பாத்தா?

— உனக்கு எந்த நேரம்தான் தோது, சொல்லு? உங்க அப்பா போய்ட்டார்ங்கிறத நான் உன்கிட்ட எங்க வச்சு சொன்னேன்? சேர்ல. பேப்பர் மில்லுல வேலை இல்ல, வீட்டுக்குப் போன்னு உன்ன அனுப்பினத நீ என்கிட்ட எங்க வச்சு சொன்ன?

— சேர்ல.

— நம்ம ஊர்ல பெரிய பேச்சுன்னா சேர்லதான். பாதியில எந்திரிச்சுப் போக முடியாது, கதவ அறைஞ்சு சாத்த முடியாது.

— ஆல்ஃபோன்ஸ் பழைய சேர் ஒண்ண ஏலத்துல எடுத்து வீட்டு வாசல்ல தொங்க விட்டிருக்கான், தெரியுமா? சாயந்திரமானா பொண்டாட்டியோட அதுல உக்காந்து பேசுறானாம்.

— என்ன புண்ணியம்? கோவம் வந்தா ரெண்டு பேரும் எறங்கிப் போயிடலாமே. அது சேர் பேச்சாகுமா?

— அதுவும் சரிதான். நான் உன்னக் கல்யாணத்துக்குக் கேட்டதும் சேர்லதான்.

— கேட்ட, கேட்ட. பத்து நிமிஷம் தொண்டையக் கனைச்சுட்டு, உச்சி வர்றப்ப கேட்ட. நான் சரின்னு சொல்றதுக்குள்ள சறுக்கி விழுந்து, பின்னாடி வந்தவங்களையும் சேத்துத் தள்ளிட்ட.

— எறங்குற எடம் ஒரே ஐஸு!

— ஐஸுதான், ஐஸுதான். இப்பக் கேளு. பதிமூணு நிமிஷத்துக்கும் சேத்து மனசுக்குள்ள சொல்லிப் பாத்து வச்சிருக்கேன். முதல்ல உன்னப் பதற விடாம கொஞ்சம் பேசிட்டு, அப்புறம் மெதுவா விஷயத்துக்கு வந்து...

— பதிமூணா? அது பழைய லிஃப்டு, மோனிக். இது நாலரை.

— நாலரையா?

— நான்தானே பேப்பர்ல சொன்னேன்! நீ படிக்கலியா? "கண்ண மூடித் தொறக்குறதுக்குள்ள உச்சி, என்கிறார் லிஃப்ட் மேஸ்திரி ஜெரார்ட்"னு போட்டிருந்தாங்களே. அந்தா வந்துருச்சு பாரு. கம்பியத் தூக்கு, கால்ல மாட்டின சறுக்குக் கட்டை நுனிய மேல வை.

— நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லியே, மனுஷா!

— கீழ சறுக்கிப் போய் மறுபடி ஏறும்போது பேசலாம். பாத்து வா, ஓரத்துல பனி பத்தல, மண்ணு தெரியுது.

*

— கீழ ஏறுற எடத்துல கேட்டு தானா தொறந்துச்சா? டிக்கெட் கார்டு பாக்கெட்டுக்குள்ளயே இருந்துச்சுல்ல? வெளிய எடுக்கவே வேணாம், அதுதான் விசேஷம்.

— தொறந்துச்சு. பீப்னுச்சு. முன்னாடி அந்த எடத்துல டிக்கெட் பாக்க பெவர்லி நிப்பா, கிழிஞ்ச கையுறையப் போட்டுக்கிட்டு. "பசங்க போன் பண்ணாங்களா மோனிக், ஒடம்பு எப்படி இருக்கு"ம்பா. உன் கேட்டு அதெல்லாம் கேக்குமா?

— பெவர்லிய ஒண்ணும் வெளிய அனுப்பல. கட்டை வாடகைக்குக் குடுக்குற எடத்துல போட்டிருக்கோம். உள்ளுக்குள்ள, கதகதன்னு ஹீட்டர் பக்கத்துல. நான்தான் சண்டை போட்டு வாங்கிக் குடுத்தேன்.

— நல்லது பண்ண. சரி, இந்தத் தடவை நான் வளவளக்கல. ஜெரார்ட், போன மாசம் நான் டாக்டர்கிட்ட போனேன்.

— அந்தா பாரு, காட்டு ஓரமா வரிசையா நிக்குதே, எல்லாம் பனி தூவுற புது மிஷின். பழசு ராத்திரி பூரா உறுமும். ஊர்ல ஒருத்தன் தூங்க முடியாது. இது மூச்சு விடுற சத்தம்தான். ஒரே ராத்திரியில...

— ஜெரார்ட்.

— என்ன?

— டாக்டர்கிட்ட போனேன்னு சொன்னேன்.

— கேட்டுச்சு.

— எதுக்குன்னு கேக்க மாட்டியா?

— வருஷா வருஷம் போறதுதானே.

— இல்ல. குளிக்கும்போது கையில ஒரு கட்டி தட்டுப்பட்டுச்சு. மார்ல. இடது பக்கம். அன்னிக்கு நீ இங்க குழாய் பதிச்சிட்டிருந்த. ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுத்தாங்க. அப்புறம் ஊசியக் குத்திக் கொஞ்சம் சதை எடுத்தாங்க. உன்கிட்ட சொல்லல. ஒண்ணும் இருக்காதுன்னுதான் சொல்லல.

— பாஸ், பாஸ், டாரல் பேசறேன், கீழருந்து. வாக்கிடாக்கில கேக்குதா?

— கேக்குது டாரல், சொல்லு.

— பார்க்கிங்ல ஒரே ரகளை, பாஸ். காரு நிறுத்தக் காசுன்னதும் நம்ம ஊர் ஆளுங்க ஒத்துக்க மாட்டேங்கறாங்க. "இந்தக் காட்ட வெட்டி வழி போட்டதே எங்க அப்பன், எனக்கே சீட்டா"ன்னு வண்டிய நடுவுல போட்டுட்டு நிக்கறாங்க. முதலாளி உங்களத் தேடுறார்.

— வர்றேன். மேல போய்ட்டு வர்றேன்.

— மேல போய்ட்டு வருவான், ஆமா. ஜெரார்ட், இந்த வாக்கிடாக்கியத் தூக்கி அந்த மரத்து மேல எறியட்டுமா?

— கம்பியத் தூக்கு மோனிக், உச்சி வந்துருச்சு.

— பரிசோதனை முடிவு வந்துருச்சுன்னு சொல்ல வர்றேன்!

— கால் தடுக்கி விழுந்துருவ, கம்பியத் தூக்கு!

*

— திரும்பி வர மாட்டேன்னு நெனச்சேன்.

— வந்தேன்ல. கம்பிய எறக்கு.

— டாரல் லிஃப்ட ஓட்டுற கூண்டுக்குள்ள போய் அவ்ளோ நேரம் என்ன குசுகுசு? நான் ஒருத்தி வரிசையில மரம் மாதிரி நின்னுட்டிருக்கேன். பின்னாடி உள்ளவங்களுக்கெல்லாம் "நீங்க போங்க, நீங்க போங்க"ன்னு வழிவிட்டு வழிவிட்டு வாயே வலிக்குது.

— பார்க்கிங் விவகாரம். இன்னிக்கு ஒரு நாளு உள்ளூர்க்காரங்கள சும்மா விடச் சொல்லிட்டேன்.

— முதலாளி?

— மூஞ்சி சுண்டிப்போச்சு. கிடக்கட்டும்.

— சரி. நாலரை நிமிஷம்னா நாலரை நிமிஷம். பூசி மெழுக எனக்கும் தெம்பு இல்ல. அது கேன்சர், ஜெரார்ட். சின்னதுதானாம். சீக்கிரமே கண்டுபிடிச்சுட்டோம்னு டாக்டரம்மா சொன்னாங்க. செவ்வாய்க்கிழமை வரச் சொல்லி அவங்க அத நேர்ல சொல்லும்போது நான் அவங்க மேசை மேல இருந்த காக்டஸ் செடியத்தான் பாத்துட்டிருந்தேன். ஏதாச்சும் சொல்லேன். மிஷினப் பத்தியாவது சொல்லு.

— நீ சொல்லு. நான் கேக்கறேன்.

— ஆபரேஷன் பண்ணணும்ங்கறாங்க. போர்ட்லண்டுல. அதுக்குத் தேதி... ஐயோ! என்ன இது? என்ன ஆச்சு?

— புடிச்சுக்கோ. கொஞ்சம் ஆடும், அவ்ளோதான்.

— நின்னுடுச்சே, ஜெரார்ட்! உன் லிஃப்டு நின்னுடுச்சு!

— நிக்கட்டும்.

— நிக்கட்டுமா? முதல் நாளே நின்னுபோச்சுன்னு நாளைக்குக் கொட்டை எழுத்துல போடுவாங்களே! கோடைகாலம் பூரா வெயில்லயும் கொசுக்கடியிலயும் கிடந்தியே இதுக்காக! டாரலக் கூப்புடு.

— கூப்புடலாம். எந்தத் தேதி?

— சேர்ல எல்லாம் பசங்க இருக்காங்க.

— வெயில் அடிக்குது, காத்து இல்ல. பசங்களுக்கு இது விளையாட்டு. எந்தத் தேதின்னு கேட்டேன்.

— டிசம்பர் இருபத்தேழு.

— இருபத்தேழா?

— தெரியும். கிறிஸ்துமஸ் வாரம். வருஷத்துலயே பெரிய கூட்டம், நீ வீட்டுக்குத் தூங்க மட்டும்தான் வருவ. வேற தேதி கேட்டுப் பாத்தேன். தள்ளாதீங்கன்னுட்டாங்க. லூசில்கிட்டப் பேசிட்டேன், அவ கார்ல கூட்டிட்டுப் போறேன்னா.

— லூசிலா? பனி பேஞ்சா அவ கழுகுக்குப் பயந்த கோழி மாதிரி ரோட்டோரமா ஒதுங்கிடுவா. பாதி வழியில உன்ன நடக்க விட்ருவா.

— சிரிக்க வைக்காதே. நான் உன்கிட்ட என்ன சொல்றதா இருந்தேன் தெரியுமா? வண்டிக்கு ஏற்பாடு பண்ணிட்டேன், பத்து நாளைக்கு சூப்பு வச்சு ஃப்ரீஸர்ல போட்டுட்டேன், நீ உன் வேலையப் பாரு, கவலப்படாதேன்னு அழகா முடிக்கறதா இருந்தேன்.

— ம்.

— எல்லாம் பொய். எனக்கு லூசில் வேணாம். மயக்கம் தெளிஞ்சு நான் கண்ணு முழிக்கும்போது உன் மூஞ்சி தெரியணும். வேற எதுவும் வேணாம். இந்த இருபத்தாறு வருஷத்துல கிறிஸ்துமஸ் வாரத்துல ஒரு நாளு உன்ன நான் கேட்டதில்ல. இப்பக் கேக்கறேன். வருவியா?

— செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிலருந்து வீட்டுக்குப் போன் வந்துச்சு, மோனிக். நீ கடைக்குப் போயிருந்த. நான்தான் எடுத்தேன்.

— நீயா?

— ஒரு பொண்ணு பேசுச்சு. "அம்மா இருக்காங்களா, டாக்டர் பேசணும்"னுச்சு. என்கிட்ட எதுவும் சொல்ல மாட்டேன்னுடுச்சு. உன் செல் நம்பரக் குடுத்து வச்சுட்டேன். ஆனா அந்தக் குரலு... நல்ல சேதி சொல்றவங்க அவ்ளோ மெதுவாப் பேச மாட்டாங்க.

— தெரிஞ்சுக்கிட்டா இப்படி ஓடுன?

— கராஜுல போய் ஸ்பேனரக் கையில எடுத்தேன். எதுக்கு எடுத்தேன்னு தெரியல. அப்படியே நின்னேன். நீ உள்ள வர்ற சத்தம் கேட்டதும் மலையில வேலைன்னு கெளம்பிருவேன். நீ வாயத் தொறந்து சொல்லாத வரைக்கும் அது நம்ம வீட்டுக்குள்ள வரலேன்னு ஒரு முட்டாள்தனம். உன்ன நாலு நாளு தனியா விட்டுட்டேன். பயந்துட்டேன், மோனிக். ரொம்பப் பயந்துட்டேன்.

— அடப் பாவி மனுஷா. நான் உனக்கு லிஃப்டுதான் பெருசுன்னு நெனச்சு, ராத்திரியெல்லாம் உன் முதுகப் பாத்து வஞ்சுக்கிட்டுக் கிடந்தேன்.

— நீ வஞ்சது சரிதான். கேளு, இருபத்தேழு நான் வர்றேன். முந்தின நாளே போயிடலாம், அங்கயே ரூம் போட்டுத் தங்கிக்கலாம். நீ கண்ணு முழிக்கறப்ப மட்டும் இல்ல, மூடுறப்பவும் நான்தான் இருப்பேன்.

— அந்த வாரத்துல யாரு இத ஓட்டுவா?

— டாரல் ஓட்டுவான். என்னவிட நல்லாவே ஓட்டுவான், சொன்னா மண்டைக்கனம் புடிச்சுக்கும்னு சொல்றதில்ல. மலை எங்கயும் ஓடிப் போயிடாது. அழாதே.

— யாரு அழறா? காத்து.

— காத்தே இல்லியே, மோனிக்.

— கையுறையக் கழட்டு. கையக் குடு. ஜெரார்ட், இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு, அது லூசில்கிட்டகூடச் சொல்லல. ஆனா முதல்ல இந்த லிஃப்டுக்கு என்ன வந்துச்சுன்னு கேளு. எவ்ளோ நேரமாத் தொங்குறோம்! முன்னாடி சேர்ல அந்தக் குட்டிங்க பாட்டே பாட ஆரம்பிச்சாச்சு. வேற நாளா இருந்தா இந்நேரம் தூணப் புடிச்சு எறங்கி ஓடியிருப்ப நீ. இப்ப என்ன கல்லாட்டம் உக்காந்திருக்க?

— பாஸ், டாரல். இன்னும் எவ்ளோ நேரம் நிறுத்தி வைக்கிறது? நீங்க சொல்ற வரைக்கும் ஓட்டாதேன்னீங்க, நானும் ஓட்டல. முதலாளி கூண்டுக்குள்ளயே வந்துட்டார், கழுத்தெல்லாம் செவந்துருச்சு. பேப்பர்க்காரம்மா வேற, என்ன கெட்டுப்போச்சுன்னு கேட்டுப் பேனாவத் தொறந்து வச்சிருக்காங்க. நான் என்னன்னு சொல்ல?

— ஜெரார்ட்! நீயா நிறுத்தச் சொன்ன?

— டாரல், ஒண்ணும் கெட்டுப்போகலன்னு சொல்லு. என் பொண்டாட்டி பேசிட்டிருக்கா, இன்னும் முடிக்கலன்னு சொல்லு.