கயிறுகளை நடுவில் பிடித்தவள்

மேடையில் இருக்கும் தலைமையாசிரியர் அய்யா அவர்களே, ஆசிரியப் பெருமக்களே, முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் மதுமதியின் அப்பா வசந்தகுமார் அவர்களே, சிக்கல் ஊரிலிருந்து வந்திருக்கும் உறவுகளே, தோழர்களே! இந்த சூர்யாவிடம் போய் மைக்கைக் கொடுக்கிறார்களே என்று சிலர் நெளிவது தெரிகிறது. பயப்படாதீர்கள். இன்று என்னிடம் வேடிக்கை ஏதும் இல்லை.

எங்கள் அறிவியல் மன்றச் செயலாளர் மதுமதி இல்லையாம்! நம்ப முடிகிறதா? திங்கட்கிழமை சாயங்காலம் சைக்கிளில் கிளம்பியவள் மீது தண்ணீர் லாரி மோதிவிட்டது என்று எங்கள் மன்றத்து முருகலட்சுமி ஓடிவந்து சொன்னபோது நான் சிரித்தேன். "போதும் புள்ள, நல்லா நடிக்கிற" என்றேன். ஊரையே ஏமாற்றுகிறவனுக்கு அதுவும் ஏமாற்று வேலையாகவே தெரிந்தது. இப்போதும் அப்படித்தான் தெரிகிறது.

வரும் வெள்ளிக்கிழமை ராமநாதபுரத்தில் மாவட்ட அறிவியல் கண்காட்சி. அதற்காக அவள் எழுதிய நாடகம், 'செல் சட்டகம்'; செல்லுக்கு உள்ளிருந்து உருவம் கொடுக்கும் அமைப்பைப் பற்றியது. சட்டகம் என்றால் எலும்புக்கூடுதானே என்று, ஒத்திகைக்கு எலும்புக்கூடு படம் போட்ட பனியனைப் போட்டுக்கொண்டு போனேன். "ஏலே, செல்லுக்குள்ள இருக்குறது எலும்பு இல்லலே, நூலு! நெனச்சா கலையும், நெனச்ச பக்கம் சேரும். கழட்டுலே அத!" என்றாள். கழற்றுவதற்குள், நோய்க்கிருமியின் ஒரு துண்டாக நடிக்கும் வேடத்தை என் தலையில் கட்டிவிட்டாள். "ஒனக்குத்தான் பொருத்தம்!"

எவ்வளவு எளிதாக விளக்கினாள்! வட்டமாக நிற்கும் மற்றவர்கள் கையில் ஆளுக்கொரு கயிறு. அத்தனை நுனியும் நடுவில் அவள் கையில். அந்த வட்டம்தான் நோயை எதிர்க்கும் வெள்ளணு. முருகலட்சுமி இன்னொரு செல்லாக வந்து, என் சட்டையைப் பிடித்து இழுத்து, என்னை அந்த வெள்ளணுவுக்குக் காட்டுவாள். வெள்ளணு எங்களைத் தொட்டால் மட்டும் போதுமா? போதாது! தொட்ட பக்கம் வட்டம் விரிந்து ஒட்ட வேண்டும். தொட்ட கைகளைக் கயிறுகள் உள்ளே இழுக்க வேண்டும். நடுவில் நிற்பவளும் அந்தப் பக்கமே நகர வேண்டும். அந்த இழுப்பில்தான் வெள்ளணு விழிக்கும். "இழுக்காட்டி ஒறங்கிரும்லே" என்பாள்.

நேற்று யாரும் கூப்பிடாமலே கூடினோம். கயிறுகளை எடுத்தோம். நடுவில் ஆளில்லை. அத்தனையும் தரையில் தொய்ந்து கிடந்தன. "வாங்கலே, போயிருவோம்" என்றான் வட்டத்தில் நிற்கும் சேதுபதி. ஒருவரும் போகவில்லை, அவனும்தான்.

தலைமையாசிரியர் அய்யா, எங்கள் மனசு தாங்காது என்று நாடகத்தை நிறுத்தச் சொன்னீர்கள். தாங்கவில்லைதான். அதற்காக உறங்கிவிடவா? நடுவில் நான் நிற்கிறேன். கிண்டல் பண்ணுவதற்காகவே அவள் வசனம் முழுவதையும் மனப்பாடம் செய்தவன் நான். கிருமி வேடம்தான் காலி. ஆள் கிடைக்காவிட்டால் உங்களையே கேட்போம்! அனுமதி மட்டும் கொடுங்கள்.

வசந்தகுமார் அய்யா, அவை உங்கள் வீட்டு மாட்டுக் கயிறுகள். வெள்ளிக்கிழமை வரை திருப்பிக் கேட்காதீர்கள்.

மதுமதி, நாங்க வாரோம் புள்ள. கயிறு தொய்யாது.